சொல்லாமல் வந்த பிரேமலா

ஒரு படத்தை நம்பி நாடு மாறுகிறவர்களை என்னவென்று சொல்வது? வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வெள்ளைக்காரர்கள் சிலர் இந்தியாவுக்குப் போய்ப் புது வாழ்க்கை தொடங்குகிற சிரிப்புப் படம் ஒன்றை ஈவ்லினும் அவர் கணவர் ஜெரால்டும் லண்டனில் பார்த்தார்கள். ஆசை பற்றிக்கொண்டது. ஆனால் இந்தியாவின் வெயில் ஜெரால்டுக்குப் பயம். அதனால் மலாய் நாட்டு ஆற்றங்கரை ஊரான மூவாருக்கு வந்து சேர்ந்தார்கள், ஏதோ மூவாரில் வெயிலே அடிக்காத மாதிரி.

பக்கத்து வீட்டுப் பிரேமலா சோபா தொழிற்சாலையில் உறை தைத்தே முதுகு வளைந்தவள். கணவன் இறந்துவிட்டான், மகள் சாந்தினி சிங்கப்பூரில். ஓய்வு பெற்ற பிறகு பகலெல்லாம் டிவியோடுதான் பேச்சு. ஈவ்லின் வந்த பிறகு இருவரும் சாயங்காலம் ஆற்றோரம் நடந்தார்கள், ஒரே தட்டில் ரோஜாக் பழக்கலவை சாப்பிட்டார்கள். பிரேமலாவின் தொழிற்சாலை ஆங்கிலம் அதற்குத் தாராளமாகப் போதும். உனக்கு என்ன பிடிக்கும் என்று அவளிடம் முதன்முதலில் கேட்டது அந்த வெள்ளைக்காரிதான். அதை நினைத்து அவள் சமையலறையில் தனியாக அழுதிருக்கிறாள்.

போன மாதம் ஜெரால்ட் மாரடைப்பில் போய்விட்டார். லண்டனில் இருந்த மகனால் உடனே வர முடியவில்லை. அக்கம்பக்கத்தில் எல்லாரும் திரண்டு வந்தார்கள். எதிர்வீட்டு மூர்த்தி நாற்காலி போட்டார், தெருவுக்கே மூத்தவரான செல்லம் அக்கா பெண்களைக் கூட்டிவந்து உட்காரவைத்தார். உடலை எடுத்துக்கொண்டு போனதும் கூட்டம் கலையத் தொடங்கியது. ஈவ்லின் வாசலுக்கு வந்து நின்றார். ஒவ்வொருவர் கையையும் பிடித்து நன்றி சொல்வதுதான் அவர்கள் ஊர் வழக்கம். நம் ஆட்களோ தலையைக் குனிந்துகொண்டு, நீட்டிய கையைப் பார்க்காதவர்கள்போல ஒவ்வொருவராக நழுவினார்கள். பிரேமலாவுக்குக் கால் நகரவில்லை. செல்லம் அக்கா அவள் முழங்கையைப் பிடித்து இழுத்தார்.

"சாவு வீட்ல சொல்லிக்கிட்டுக் கிளம்பக் கூடாது. பேசாம வா லா."

பிரேமலா போனாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அந்த வாரமே சாந்தினி பிரசவத்துக்கு வந்துவிட்டாள். மாசமான பெண்ணை வீட்டில் வைத்துக்கொண்டு, பதினாறு முடியுமுன் சாவு வீட்டுக்குப் போய்வரக் கூடாது என்று செல்லம் அக்கா கண்டித்துச் சொன்னார். வயிற்றுப் பிள்ளை விஷயம், பிரேமலாவுக்கு எதிர்த்துப் பேசத் தைரியம் இல்லை. தினமும் சோறும் குழம்பும் கட்டி, பையை ஈவ்லினின் கேட்டில் மாட்டிவிட்டு வந்தாள். போனில் விளக்கியிருக்கலாம். பதினாறு முடிந்து போகிற அன்றைக்கு நேரிலேயே பேசிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டாள். அவளுடைய மடத்தனம் அது ஒன்றுதான். ஆனால் பெரிய மடத்தனம்.

பதினாறு கழிந்த மறுநாள் தலை முழுகிவிட்டு ஓடினாள். கூடத்தில் பெட்டிகள் திறந்து கிடந்தன. மகன் வருகிறான், அவனோடு லண்டனுக்கே திரும்பிப் போகிறேன் என்றார் ஈவ்லின்.

பிரேமலா தனக்குத் தெரிந்த ஆங்கிலம் எல்லாவற்றையும் கொட்டினாள். சாவு வீட்டில் விடைபெற்றால் இன்னொரு சாவுக்கு வருவோம் என்று அர்த்தமாகிவிடும், உங்களுக்கு நல்லது நினைத்துத்தான் பேசாமல் போனோம் என்றாள். மகளின் வயிற்றைப் பற்றியும் சொன்னாள். ஈவ்லின் கடைசிவரை கேட்டார். நம்பவும் செய்தார். அது அவர் முகத்திலேயே தெரிந்தது.

தன்னை எல்லாரும் ஒதுக்கிவிட்டார்கள் என்றுதான் அன்று நினைத்ததாக அவர் சொன்னார். பிச்சை போடுவதுபோலப் பையை மாட்டிவிட்டுப் போகிறவளைத் தினமும் ஜன்னல் வழியாகப் பார்த்தாராம். கூப்பிட வாய் வரவில்லையாம்.

வாழ்நாளில் யாரிடமும் தனக்கென்று எதுவும் கேட்டறியாத பிரேமலா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"போகாதீங்க ஈவ்லின். நீங்க போயிட்டா எனக்கு யாரு இருக்கா?"

ஈவ்லின் கையை விடுவித்துக்கொள்ளவில்லை. மடித்துவைத்திருந்த சட்டையை மறு கையால் எடுத்துப் பெட்டியில் வைத்தார்.

"இதை முதல் நாளே ஒரு தடவை சொல்லியிருந்தா, என்னைக் கூட்டிட்டுப் போகச் சொல்லி நான் மகனைக் கூப்பிட்டிருக்கவே மாட்டேன்."