கள்ளிப்பழச் சிவப்பு: மாத்தளையிலிருந்து ஹந்தானைக்கு

கந்தன் பேரைச் சொல்லி விபூதி பூசிக்கொண்டு, விடிந்ததும் மாத்தளையை விட்டு இறங்கினோம். ஹந்தானைக் கோப்பித் தோட்டத்தில் வேலை செய்யும் என் தம்பி காய்ச்சலில் கிடந்து எழுந்தான் என்று செய்தி வந்திருந்தது. அவனைக் கண்ணால் பார்த்துவிட்டு ஊர் திரும்புவதுதான் எனக்கும் என் மனைவி மீனாட்சிக்கும் எண்ணம். காட்டுவழிக்குத் துணை வேண்டுமே என்று, மன்னாரில் கரையிறங்கியது முதல், தோட்டத்துக்கு ஆள் கூட்டிப்போகும் ஒரு கங்காணியின் ஆட்களோடு நடந்து வந்தோம். கரையிறங்கியவர்களில் பாதிப்பேர்தான் மாத்தளை வந்து சேர்ந்தார்கள். மீதிப்பேர் எங்கே என்று அந்த வழியைத்தான் கேட்க வேண்டும்.

அந்தக் கூட்டத்தில் பேச்சி என்று ஒருத்தி இருந்தாள். அவள் புருஷன் மாயாண்டி ஹந்தானையில் கோப்பிக்கன்று நடப் போய் மூன்று வருஷம் ஆகிறது. அவனிடம் போய்ச் சேருகிறாள். மீனாட்சியை அக்கா என்றும் என்னை அண்ணே என்றும் கூப்பிட்டு எங்களோடு ஒட்டிக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் அக்குறணைக்கு இப்பால் சாலையோரத்து அம்பலத்தில் தங்கினோம். அம்பலம் என்பது இந்த நாட்டு வழிப்போக்கர் மடம்; நான்கு தூண், ஒரு கூரை, அவ்வளவுதான். பக்கத்துக் கடையில் ஒரு கொத்து அரிசிக்கு இரண்டு பணம் கேட்டார்கள். கங்காணி போட்ட கஞ்சி எவருக்கும் போதவில்லை. கடைக்குப் பின்னால் நாகதாளிக் கள்ளியை வேலியாக வைத்திருந்தார்கள். இந்த மழை நாட்டில் அதைக் காண எங்களுக்கே அதிசயம். பழம் கருஞ்சிவப்பாய்ப் பழுத்திருந்தது. பேச்சி முள்ளைத் துணியால் துடைத்துத் துடைத்துத் தின்றாள். வாயும் விரலும் சிவந்துவிட்டன.

"எம் புருசன் பாத்தா, வெத்தலை போட்டுக்கிட்டு ராணியாட்டம் வந்திருக்கான்னு நெனப்பாரு" என்றாள்.

"முள்ளு நாக்குல ஏறுனா நாளைக்கு வாயே தெறக்க மாட்ட. எங்க காதுக்கும் கொஞ்சம் ஓய்வு" என்றாள் மீனாட்சி. அவளுக்கு அன்று சஷ்டி விரதம்; மறுநாள் சாயங்காலம்தான் முடிப்பாள். தன் பங்குப் பழத்தை முந்தானையில் முடிந்துவைத்தாள்.

மறுநாள் காலை, மறைவுக்குப் போன பேச்சி அழுதுகொண்டு வந்தாள். நீர் சிவப்பாகப் போகிறதாம். மீனாட்சியைக் கூட்டிப்போய்க் காட்டினாள். அது கங்காணி காதிலும் விழுந்தது.

இந்த வழியில் ஒரு வழக்கம் உண்டு. ரத்தம் போகும் நோயாளியை அம்பலத்தில் விட்டுவிட்டு, ஒரு சட்டி தண்ணீரும் ஒரு பிடி அரிசியும் வைத்துவிட்டு நடந்துவிடுவார்கள்.

"கங்காணி, ஒரு நாள் பொறுத்துப் பாக்கலாமே" என்றேன்.

"பொறுத்தா? கண்டிக்குள்ள போகையில ஒவ்வொரு ஆளா நோயிருக்கான்னு பாப்பாங்க சாமி. ஒருத்திக்கு இருந்தாலும் எல்லாரையும் நோய்க் கொட்டாய்ல அடைச்சிருவாங்க. உள்ள போனவங்க எத்தனை பேரு வெளிய வந்தாங்கன்னு எனக்குத் தெரியும்."

அவர் சொன்னதும் பொய்யில்லை. பேச்சி எங்களை நிறுத்தவில்லை. "எம் புருசன்கிட்ட சொல்லுங்கண்ணே. நல்லாயிட்டா பின்னாலயே வந்திருவேன்" என்றாள்.

அவளுக்கும் ஒரு சட்டி தண்ணீரும் ஒரு பிடி அரிசியும் வைத்துவிட்டு நடந்தோம். மத்தியானத்துக்குள் கட்டுகஸ்தோட்டை வந்துவிட்டோம். மகாவலி கரைபுரண்டு ஓடியதால் தோணிக்காரன் தோணியை இறக்கவில்லை. கரையிலேயே தங்கினோம். சாயங்காலம் மீனாட்சி ஆற்றோரம் மொண்டு குளித்துக் கந்தனைக் கும்பிட்டு, முந்தானையில் இருந்த பழங்களைத் தின்று விரதம் முடித்தாள். ஒரு பழத்தை மட்டும் எனக்கென்று வைத்தாள்.

விடிந்ததும் அவளுக்கும் சிவப்பு. என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "நோவுதா?" என்றேன். "ஒண்ணும் நோவலியேங்க" என்றாள்.

அவள் கணுக்காலில் அட்டை கடித்து ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. வெற்றிலைப் பையிலிருந்து சுண்ணாம்பை எடுத்துத் தடவினாள். ரத்தம் கருத்துக் கட்டியாயிற்று. அதே விரலால் எனக்கு வைத்திருந்த பழத்தைப் பிதுக்கினாள். சுண்ணாம்பு பட்ட இடத்தில் சாறு மஞ்சளாகிவிட்டது. மஞ்சளில் சுண்ணாம்பு சேர்ந்தால் சிவக்கும், அதுதானே ஆரத்தி. சிவப்பு மஞ்சளானதை அன்றுதான் கண்டோம். அவள் ஒரு சிரட்டையும் சுண்ணாம்பும் எடுத்துக்கொண்டு புதர்ப்பக்கம் போனாள். திரும்பி வந்தபோது ஓடி வந்தாள்.

"சுண்ணாம்பு போட்டதும் நீரு மஞ்சளாயிருச்சுங்க. அது ரத்தமே இல்ல. பழத்தோட சாயம் ஒடம்புல கரையாம அப்படியே வந்திருக்கு. அந்தப் புள்ளைக்கும் அதான்!"

எங்கள் ஊரிலும் வேலியெல்லாம் நாகதாளிதான். பிள்ளைகள் ஒன்றிரண்டு தின்று நாக்கைக் காட்டி விளையாடும். வயிற்றுக்குச் சோறாக அதைத் தின்னும் நிலை அங்கே எங்களுக்கு வந்ததில்லை. அதனால் இது தெரியவில்லை.

கங்காணியிடம் சொன்னோம். தண்ணீர் வடிந்து தோணியும் இறக்கிவிட்டார்கள். "நீங்க போய்க் கூட்டிட்டு வாங்க சாமி. என்னால இவங்களை நிறுத்தி வைக்க முடியாது" என்றார்.

நாங்கள் வந்த வழியே திரும்பினோம். ஆறேழு மைல் இருக்கும். உச்சிவேளைக்கு அம்பலத்தை எட்டினோம். தூரத்திலேயே நாற்றம் அடித்தது. எங்களுக்குப் பிறகு வந்த வேறொரு கூட்டம் வாந்திபேதிக்காரர் இருவரை அங்கே விட்டுப்போயிருக்கிறது. ஒருவர் செத்துக் கிடந்தார். மற்றவர் தலைமாட்டில் பேச்சி சுருண்டு கிடந்தாள். கண் உள்ளே போய், கைவிரல் தோல் சுருங்கி, குரல் காற்றாக வந்தது.

"அக்கா, நேத்துப் பொழுது சாயும்போதே ரத்தம் நின்னுருச்சு. பொறப்பட்டுட்டேன். இவுரு தண்ணி தண்ணின்னு கேட்டாரு. விட்டுட்டு வர மனசு வரல. நானும் அந்தச் சட்டியிலதான் குடிச்சேன்."

மீனாட்சி அவளை மடியில் தூக்கிவைத்துக்கொண்டாள். "அது ரத்தமே இல்ல புள்ள. பழச்சாயம்."

பேச்சி அவள் முந்தானையைப் பிடித்தாள். "அப்ப எனக்கு ஒண்ணுமில்லியா?"

"ஒண்ணுமில்ல" என்றாள் மீனாட்சி.

வெயில் தாழுமுன் உயிர் போய்விட்டது. மற்றவரும் பின்னாலேயே போனார். கடைக்காரர் மண்வெட்டி கொடுத்தார். தேவாரத்தில் தெரிந்த இரண்டு வரியைச் சொல்லி மூவரையும் அடக்கம் செய்தேன்.

அடுத்த நாள் ஹந்தானை ஏறினோம். தம்பி தேறி நடமாடினான், கடவுள் கிருபை. மாயாண்டி, கூலியாட்கள் குடியிருக்கும் லயத்து வாசலில் எங்களுக்காக நின்றான். ரத்தம் போய் வழியில் கிடக்கிறாள் என்று கங்காணி சொல்லியிருக்கிறார். தலையெழுத்து என்று மனதைத் தேற்றி வைத்திருந்தவனிடம், இல்லை, சுகமாயிருந்தவளைத்தான் விட்டுவந்தோம் என்று எப்படிச் சொல்வது? மீனாட்சி ஒன்று விடாமல் சொல்லிவிட்டாள்.

அவன் அழவில்லை. மலையில் பூத்திருந்த கோப்பியையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கேட்டான்:

"அந்த வேலி யாரோடதும்மா? அவளாட்டம் நாலு பழம் பறிச்சுத் தின்னா ஏசுவாங்களா? அவ கெடந்த எடத்துல போய் நான் ஒரு நாள் உக்காந்திருக்கணும்."