மரத்துப்போன உதடும் ஒரு குடைப் பாட்டும்

எங்கள் தெருப் பாடலாசிரியருக்கு நண்பர்கள் வைத்த பெயர் நிலவு. அவர் எழுதிய முந்நூற்றுச் சொச்சம் பாட்டுகளில் நிலவு இல்லாத பாட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். விளம்பரமோ, பள்ளி ஆண்டு விழாவோ, எது கேட்டாலும் மலர், மேகம், மழை, மனம் என்று நாலு சொல்லைக் குலுக்கிப் போட்டு அரை மணியில் கொடுத்துவிடுவார். ஒரு நாள் குலுக்கும்போது அவருக்கே கொட்டாவி வந்தது. அன்றைக்குப் பேனாவை மூடியவர்தான். எட்டு மாதம் ஒரு வரி எழுதவில்லை.

முயற்சி செய்யாமலும் இல்லை. மேசையை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டார். தன்னையே முறைக்கிறார் என்று எதிர்வீட்டுக்காரர் சண்டைக்கு வரவே பழையபடி திருப்பினார். குளியலறையில்தான் நல்ல வரி வரும் என்று யாரோ சொன்னார்கள். முக்காலியோடு உள்ளே போய் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தார். வெளியே மனைவியும் மகளும் துண்டோடு நின்றார்கள். மனைவி கணக்கு டீச்சர். "வரி வருதோ இல்லையோ, நீங்க வெளிய வாங்க" என்றார்.

அந்த வாரமே கடைவாய்ப் பல் வலித்தது. மனைவியின் தம்பி பல் மருத்துவர். வேலை செய்துகொண்டே பாடுகிறவர். அன்று மரியாதைக்காக அத்தான் எழுதிய பாட்டையே எடுத்தார். 'மேகத்தில் மறைந்த நிலவே' என்பதை 'மேசையில் மறந்த நிலவே' என்று உருகிப் பாடினார். வாயைப் பிளந்து கிடந்தவரால் திருத்த முடியவில்லை. தப்பான வரி தன் வரியைவிட நன்றாக இருந்ததுதான் அவருக்குப் பல்லைவிட அதிகமாக வலித்தது.

ஊசி போட்டு, மரத்துப்போகும்வரை வெளியே உட்காரச் சொன்னார்கள். அப்போது இசையமைப்பாளர் நண்பரிடமிருந்து போன். ஒரு குடைக் கம்பெனிக்குப் பாட்டு வேண்டும், சாயங்காலத்துக்குள். முடியாது என்று சொல்லத்தான் நம் ஆள் வாயெடுத்தார். கீழுதடு செத்துக் கிடந்தது. ம வரவில்லை.

"உடியாது" என்றார்.

"ஒடியாதா? குடை ஒடியாது! அருமைண்ணே, அதையே வச்சிக்கிறேன். மிச்சத்தை அனுப்புங்க" என்று நண்பர் போனை வைத்துவிட்டார்.

நிலவு திகைத்துப்போய்த் தன் பழைய சரக்கை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தார். மலர் 'அலர்' ஆயிற்று. மழை 'அழை' ஆயிற்று. 'நிலவு' என்ற சொல் வாயிலிருந்து வழிந்தது. இத்தனை வருடம் தனக்குச் சோறு போட்ட சொற்கள் எல்லாம் உதட்டில் தொங்கிக்கொண்டிருந்தவை என்று அப்போதுதான் தெரிந்தது. உதடு ஒட்டாத சொற்கள் மட்டும் என்னென்ன என்று யோசிக்க ஆரம்பித்தார். சிரிப்பு வந்தது, பாதி வாயில்.

மருந்துச் சீட்டின் பின்பக்கம் எழுதினார். பக்கத்தில் ஒரு பஸ் கண்டக்டர், அவரும் ஊசி போட்டுக்கொண்டு காத்திருந்தார். அவரிடம் சைகையில் கெஞ்சி வரியைப் படிக்க வைத்தார். கண்டக்டர் குரலெடுத்துப் படித்தார்:

"குடையை எடு, நடையைக் கட்டு!
காற்றே, அடி! இது ஒடியாது!"

ஒரு எழுத்துகூடச் சிதறவில்லை. கண்டக்டருக்கே பிடித்துப்போய் மறுபடி பாடினார். உள்ளே கூப்பிட்டபோது நம் ஆள் கையைக் காட்டி இரு இரு என்றார். மூன்றாம் முறை கூப்பிடுவதற்குள் மரப்பு இறங்கிவிட்டது.

"அத்தான், இன்னொரு ஊசி போடணும்" என்று மைத்துனர் அலுத்துக்கொண்டார்.

"தாராளமா போடு. ரெண்டாவது சரணம் பாக்கி இருக்கு" என்றார் இவர்.

மழையே இல்லாமல் குடைக்குப் பாட்டா என்று கம்பெனிக்காரர்கள் கேட்டார்களாம். கேட்டுவிட்டு, அதே பாட்டை முணுமுணுத்துக்கொண்டே படியிறங்கினார்களாம்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை மாடியில் துணி காயப்போட்ட மனைவிக்கு ஒரு கிளிப் குறைந்தது. தேடிக்கொண்டு அறைக்குப் போனால், கணவர் கீழுதட்டில் அதை மாட்டிக்கொண்டு வேகவேகமாக எழுதிக்கொண்டிருந்தார். நோட்டில் ஏழு பக்கம் நிறைந்திருந்தது. என்னங்க இது என்று கேட்க வந்தவர், கேட்காமல் கதவைச் சாத்தினார். மகளிடம், "அப்பா வேலையா இருக்கார், அந்தப் பக்கம் போகாதே" என்றார்.

மாடியில் ஒரு தலையணை உறை பறந்துகொண்டிருந்தது.