கோபுரம் தெரியாத மூலை

நான் முதன்முதலில் பார்த்த பாலைவனம், சுவிற்சர்லாந்தின் சோலோதுர்னில் இருந்த எங்கள் வீட்டிலிருந்து முக்கால் மணி நேரத் தூரத்தில், ஓல்டனுக்கு அப்பால் இருந்தது. வளர்ந்தபிறகு சுவிஸ் குடியுரிமை கிடைத்து, அந்தச் சிவப்புக் கடவுச்சீட்டோடு விமானம் ஏறிப்போய் உண்மையான பாலைவனத்தையும் பார்த்துவிட்டேன். வெயில், மணல், ஒட்டகம் எல்லாம் சரியாகத்தான் இருந்தன. ஆனாலும் மாமா காட்டிய பாலைவனத்துக்கு அது கிட்டவும் நிற்காது.

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். நான் அப்போது நான்காம் வகுப்புத் தவளை. இலையுதிர்கால விடுமுறை முடிந்து வந்ததும் எங்கள் வகுப்பில் ஆளுக்கு ஐந்து நிமிடம், விடுமுறையில் பார்த்த ஏதாவதொன்றைப் பற்றிப் பேசவேண்டும். முந்தைய ஆண்டு என் பக்கத்து மேசைக்காரி மொரோக்கோவைப் பற்றிப் பேசியிருந்தாள். அவளும் அவளுடைய அப்பாவும் பாலைவனத்தில் கூடாரம் அடித்துத் தங்கி, மணல்மேடுகளில் ஜீப்புகள் ஓடும் பந்தயத்தைப் பார்த்தார்களாம். படங்களில் மணலும் கூடாரமும் புழுதி கிளப்பிக்கொண்டு பாயும் ஜீப்பும். அதே ஆண்டு நான் பேசியது எங்கள் பல்கனியில் காய்த்த மிளகாயைப் பற்றி. ஒரு வருடம் முழுக்கப் பொறாமையில் வெந்தேன். அடுத்த விடுமுறைக்கு எங்கே போகிறாய் என்று அவள் கேட்டபோது, மொரோக்கோவுக்கு, பந்தயம் பார்க்க என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

சொன்னதைக் காப்பாற்ற வேண்டுமே. வீட்டுக்கு வந்து அப்பாவை அரிக்கத் தொடங்கினேன். அப்பா முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் வேலை செய்தார். லீவு இல்லை என்றார். அம்மாவும் லீவு இல்லை என்றார். அம்மா வேலைக்கே போகாதவர் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

உண்மையில் தடையாக இருந்தது லீவு அல்ல, அட்டை. அகதிகளாக வந்தவர்களைத் தற்காலிகமாக இருக்கவிடும் எஃப் அட்டைதான் அன்று எங்களிடம் இருந்தது. அதை வைத்துக்கொண்டு எல்லை தாண்டக் கூடாது. தாண்டியது தெரிந்தால் அட்டைக்கே ஆபத்து. அந்த ஆண்டுதான் அப்பா, காலூன்றி இருக்க வழிவிடும் பி அட்டைக்கு எழுதிப் போட்டிருந்தார். நீலநிறக் கோப்பு ஒன்றில் முதலாளியின் கடிதம், மேல்மாடிக்காரரின் கடிதம், டொச் எனும் ஜெர்மன் மொழி வகுப்புச் சான்றிதழ் எல்லாம் சேர்ந்துகொண்டிருந்தன. மிச்சம் என் ஆசிரியையின் கடிதம் ஒன்றுதான். விடுமுறை முடிந்ததும் எழுதித் தருகிறேன் என்று அவர் சொல்லியிருந்தார். இவை எதையும் வீட்டில் எனக்குச் சொல்லவில்லை. பிள்ளைக்கு ஏன் இந்தக் கவலை என்று விட்டிருப்பார்கள்.

மாமா, அம்மாவின் தம்பி. கராஜில் கார் திருத்துகிறவர். எந்தக் கதவு பூட்டியிருந்தாலும் யன்னலைப் பார்க்கிற சுபாவம். என் அழுகையைக் கேட்டுவிட்டு, இதற்கா இவ்வளவு கண்ணீர் என்றார். அவருடைய முதலாளி கிரவல் அள்ளித் தோண்டிய பெரிய கிடங்கு ஒன்றில் நடக்கும் ஜீப் பந்தயத்தில் ஓடுகிறாராம். விடுமுறைக்குள்ளேயே வருகிறதாம். முதல்நாளே போய்க் கூடாரம் அடிக்கலாமாம்.

"மணல் மணல்தானே பிள்ளை. மொரோக்கோ மணல் எண்டு அதில எழுதியோ கிடக்கு?"

எழுதிக் கிடக்காது என்ற அந்த ஒரு விஷயம் என் மூளையில் ஆழமாக இறங்கியது.

சனிக்கிழமை மத்தியானம் மாமாவின் வேனில் புறப்பட்டோம். அம்மா ஒரு பானை புளிச்சோறும், சம்பலும், ஒரு பெட்டி மீன் ரோல்ஸும், விரிக்க இரண்டு பாயும் எடுத்துக்கொண்டார். பாலைவனத்துக்குப் போகிறவர்கள் முதலில் எடுத்துவைக்கும் தண்ணீரை மட்டும் மறந்துவிட்டோம்.

கிடங்கு பெரியது. மஞ்சளும் சாம்பலுமாக மேடுகள், நடுவில் வளைந்து வளைந்து பந்தயப் பாதை. வந்திருந்த சுவிஸ்காரர்கள் உயரமான மேட்டில் மடக்குக் கதிரைகளைப் போட்டு இடம்பிடித்திருந்தார்கள். மாமாவும் அங்கேதான் போனார். நான் அவருடைய கைத்தொலைபேசியை வாங்கி அதன் வழியாகப் பார்த்தேன். பாதைக்குப் பின்னால் ஊர்த் தேவாலயக் கோபுரம், உச்சியில் சேவலோடு நின்றது. இங்கே வேண்டாம் என்றேன். கிழக்குப் பக்கம் போனோம். வேலிக்கு அந்தப்புறம் ஆறு மாடுகள் எங்களைப் பார்த்தபடி அசைபோட்டன. தெற்குப் பக்கத்தில் சொசேஜ் கடையும் அதற்குமேல் வெள்ளைச் சிலுவைக் கொடியும். நாங்கள் எங்கே திரும்பினாலும் சுவிற்சர்லாந்து முன்னால் வந்து நின்றது. பள்ளிக்கூடப் பேச்சுக்குப் பாலைவனம் மாதிரிப் படம் வேண்டும் என்று அப்பாவிடம் சொல்லியிருந்தேன். அது முழுப்பொய் அல்ல. அப்பா கூடாரத்தைத் தோளில் சுமந்துகொண்டு, ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் என் பின்னால் நடந்தார்.

கடைசியில் மாமாதான் இடத்தைக் கண்டுபிடித்தார். பாதை சடாரென்று வளையும் ஒரு பள்ளமான மூலை. பின்னால் கிரவல் சுவர், மேலே வானம், வேறொன்றும் இல்லை. பந்தயம் பார்க்க இதைவிட நல்ல இடம் கிடையாது என்று மாமா சாதித்தார். அவருடைய சாத்திரம் ஓல்டனுக்குப் பக்கத்தில் திரிம்பாக்கில் உள்ள எங்கள் கோயில் தேரில் கற்றது. தேர் நேர்த்தெருவில் போய்விடும். திரும்புகிற மூலையில்தான் கட்டை போட்டு, நிறுத்தி, மெல்லத் திருப்புவார்கள். அங்கே நின்றால் சாமியை ஆற அமரப் பார்க்கலாம். அதனால் ஒவ்வொரு வருடமும் எங்கள் குடும்பம் முன்கூட்டியே போய் மூலையில் பாய் விரிக்கும். இங்கும் விரித்தோம். இவ்வளவு நல்ல இடத்தை ஏன் ஒரு சுவிஸ்காரனும் பிடிக்கவில்லை என்று ஒருவரும் யோசிக்கவில்லை.

ஒரேயொரு குறை. சுவரின் ஓரத்தில் பச்சையாக ஒரு பேர்ச் மரம் எட்டிப் பார்த்தது. அப்பா வேனிலிருந்து பழுப்புநிறப் போர்வையை எடுத்துவந்து, இரண்டு கையாலும் உயர்த்தி மரத்தை மறைத்து நின்று பார்த்தார். படம் சரியாக வந்தது. நாளைக்கும் இப்படியே பிடிக்கிறேன் என்றார்.

அன்று மாலை குளிர் எலும்பைத் தொட்டது. இரண்டு சோடி காலுறை போட்டுக்கொண்டு, நாலு பேரும் ஒரே கூடாரத்துக்குள் ஒடுங்கி, புளிச்சோறு சாப்பிட்டோம். மாமா தன் முதலாளி ஜீப் ஏறுவதைப் போல நடித்துக்காட்ட, அம்மா கண்ணில் நீர்வரச் சிரித்தார். அப்பாவும் சிரித்தார். அந்த நீலக் கோப்பை அப்பா கையில் எடுக்காமல் வீட்டு அலமாரிக்குள்ளேயே விட்ட ஒரு நாள் அது. இன்றைக்கும் அந்தக் கூடாரத்தை நினைத்தால் நெஞ்சு நிறைந்துவிடுகிறது.

மறுநாள் காலையில் பந்தயம் தொடங்கியது. தேருக்கும் ஜீப்புக்கும் உள்ள வித்தியாசம் முதல் ஜீப் வந்ததுமே விளங்கியது. ஜீப்பைத் திருப்ப யாரும் கட்டை போடுவதில்லை. அது மூலையில் சறுக்கித் திரும்பிய வேகத்தில் ஒரு வண்டி மணல் எங்கள் தலையிலும், பாயிலும், மிச்சப் புளிச்சோற்றிலும் வந்து கொட்டியது. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு தம்பியைப் பார்த்தார்.

"சாமி வாற தெரு எண்டு நினைச்சியோடா?"

செம்மஞ்சள் அங்கி போட்ட ஒருவர் ஓடிவந்து எங்களைக் கயிற்றுக்குப் பின்னால் தள்ளினார். மாமா அவருக்கு இரண்டு மீன் ரோல்ஸ் கொடுத்தார். அவர் தின்று முடிப்பதற்குள் நான் படம் பிடித்துவிட்டேன். பதினைந்து விநாடி வீடியோ. மணல் பறக்கிறது, ஜீப் பாய்கிறது, புழுதி அடங்குகிறது. அதற்குள் வராத ஒருவர் அப்பா. போர்வைக்குப் பின்னால் நின்றார்.

வகுப்பில் என் பேச்சு பிரமாதமாக அமைந்தது. மொரோக்கோவின் வெயிலைப் பற்றிக்கூட இரண்டு வசனம் சொன்னேன். கூடாரத்தை எங்கே அடித்தீர்கள் என்று மேசைக்காரி கேட்டாள். திரும்புகிற மூலையில் என்றேன். அவள் பெருமூச்சு விட்டாள். ஆசிரியை ஒன்றும் கேட்கவில்லை. வீடியோவை மட்டும் தன் கணினியில் வைத்துக்கொண்டார்.

அன்றிரவு சாப்பிடும்போது பெருமையோடு எல்லாவற்றையும் சொன்னேன். அப்பாவின் கை தட்டிலேயே நின்றுவிட்டது.

"டீச்சரும் கேட்டுக்கொண்டு இருந்தவவோ?"

"ஓம் அப்பா. மொரோக்கோ எண்டு நம்பிட்டினம்."

அப்பா எழுந்துபோய்க் கையைக் கழுவினார். அம்மா மாமாவுக்குத் தொலைபேசியில் ஏதோ சொல்லி, இடையில் அழுதார். என்னை யாரும் அடிக்கவில்லை, ஏசவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் அப்பா வேலைக்குப் போகவில்லை. அலுவலகங்களுக்குப் போகும்போது மட்டும் போடும் வெள்ளைச் சட்டையைப் போட்டு, நீலக் கோப்பை எடுத்துக்கொண்டு, பள்ளி தொடங்குமுன் என்னோடு வந்தார். வகுப்பறையில் ஆசிரியை தனியாக இருந்தார். அப்பா கோப்பைத் திறந்து, பந்தயத்தின் நான்கு நுழைவுச்சீட்டுகளை மேசையில் வரிசையாக வைத்தார். மணல் ஒட்டிய அந்தத் துண்டுகளை எங்கே தேடி எடுத்தாரோ தெரியாது. அப்பாவின் டொச் சமையலறைக்குப் போதுமானது. அன்று அதுவும் வரவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"நீ பொய் சொன்னனி எண்டு சொல்லு பிள்ளை. நாங்கள் இந்த நாட்டை விட்டு ஒரு அடி கூடப் போகேல்லை எண்டு சொல்லு."

என் பொய்யை நானே மொழிபெயர்த்தேன். காது இரண்டும் சுட்டது. ஒரு சின்னப் புளுகுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று அப்பாமேல் கோபமும் வந்தது. வகுப்பின் முன் நான் கட்டிய பாலைவனத்தை, சட்டைக் கையை மடித்துவிட்டு வந்து இடிக்கிறாரே என்று நினைத்தேன். அப்பா நுழைவுச்சீட்டுகளின் ஓரங்களைத் திரும்பத் திரும்ப நேராக்கினார்.

ஆசிரியை நுழைவுச்சீட்டுகளைப் பார்க்கவில்லை. எனக்கு ஏற்கெனவே தெரியும் என்றார். கணினியைத் திறந்து வீடியோவைப் போட்டார். மணல் பறந்தது, ஜீப் பாய்ந்தது. இரைச்சல் அடங்கி, புழுதி இறங்கும் அந்தக் கடைசி விநாடிகளில், டாங், டாங் என்று தேவாலய மணி கேட்டது. கோபுரத்தை மறைத்த எங்களுக்கு மணியை மறைக்கத் தோன்றவேயில்லை. தினமும் கேட்கிற சத்தம். பிடிக்கும்போது ஒருவர் காதிலும் அது விழவில்லை. மொரோக்கோவில் ஞாயிற்றுக்கிழமை இப்படி மணி அடிப்பார்களா என்று நேற்று முழுக்க யோசித்தேன் என்று ஆசிரியை சிரித்தார். நீங்கள் எங்கும் போகவில்லை என்பதற்கு இந்த மணியே சாட்சி, கடிதத்தை இன்றே எழுதித் தருகிறேன் என்றும் சொன்னார்.

அப்பா சிரிக்கவில்லை. கணினியின் பக்கமாகக் காதைச் சாய்த்துக்கொண்டு, "நொஹ் ஐன்மால், பிட்டே" என்றார். இன்னொருமுறை போடச் சொன்னார். ஆசிரியை போட்டார். அப்பா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு மூன்றாம் முறையும் கேட்டார்.

என் அப்பாவுக்குத் தேவாலய மணியோசை அவ்வளவு பிடிக்கும் என்பது எனக்கு அன்றுதான் தெரியவந்தது. செய்த குற்றத்துக்கு ஏதாவது ஈடு செய்யவேண்டும் போல இருந்தது. அதனால் அந்தக் குளிர்காலம் முழுக்க, ஞாயிறு காலையில் மணி அடிக்கத் தொடங்கியதும், அப்பா ஓடி வாங்கோ என்று பல்கனிக்குக் கூப்பிடுவேன். கையில் என்ன வேலை இருந்தாலும் வைத்துவிட்டு வந்து, மணி ஓயும்வரை அப்பா என் பக்கத்தில் நிற்பார்.