ஆற்றைப் பார்த்த கதவு

சாரோங் கைலி வியாபாரி தாவூத் மரைக்காயரின் வீடு காஜா பேராங் பகுதியில், மலாக்கா ஆற்றுக்கும் தெருவுக்கும் நடுவே நீண்டு கிடந்தது. டச்சுக்காரன் காலத்து வீடு. அகலம் இரண்டு மாட்டுவண்டி; நீளமோ, ஒரு முனையில் கூப்பிட்டால் மறுமுனையில் கேட்காது. முன்பு சரக்கெல்லாம் படகில் வந்ததால் ஆற்றைப் பார்த்த தேக்குக் கதவுதான் தலைவாசல். தெருப்பக்கம் கொல்லை.

பிறகு வெள்ளைக்காரன் ரோடு போட்டான். கடைகள் வந்தன, ரிக்‌ஷா வந்தது. ஊரே தெருப்பக்கம் திரும்பிக்கொண்டது, மரைக்காயர் திரும்பவில்லை. நகரசபை ஆள் வீட்டு எண் தகட்டைத் தெருக்கதவில் அடித்துவிட்டுப் போனான். அதன் கீழேயே இவர் கோழிக்கூண்டு வைத்தார். பள்ளிவாசல் லெப்பையே வந்தாலும் கோழிகளைத் தாண்டி, அடுப்படி வழியாகத்தான் உள்ளே வர வேண்டும். ஐந்து வேளைத் தொழுகை தவறாத நல்ல மனிதர். இந்த ஒரு பிடிவாதத்தை மட்டும் அல்லாஹ் அவரிடம் விட்டு வைத்திருந்தான்.

மகள் சுல்தானாவுக்கு நிக்காஹ் வந்தது.

"மாப்பிள்ளை கொல்லை வழியா வர்றதா? படகுல வரச் சொல்லு!" என்றார். அவர் மனைவி பீவி மாமி தலையில் அடித்துக்கொண்டார்.

உஜோங் பாசிரிலிருந்து சம்பந்தி இப்ராஹீம், மாப்பிள்ளையோடு படகில் வந்தார். வாசலுக்குப் பன்னிரண்டு அடி இருக்கையில் கடல் உள்வாங்கி ஆற்றுத் தண்ணீரும் வற்ற, படகு சேற்றில் உட்கார்ந்துவிட்டது. பட்டு உடுப்பில் மாப்பிள்ளை, சுற்றிலும் நண்டு.

"மரைக்காயரே! பொண்ணு கொடுக்கக் கூப்பிட்டீரா, நண்டு பிடிக்கவா?" என்று சம்பந்தி கத்தினார். "தண்ணி ஏறட்டும், படகைத் திருப்பிக்கிட்டுப் போயிடுறேன்!"

உள்ளே சுல்தானா விசும்பினாள்.

"கல்யாணம் நிக்கப் போகுது. உங்க தலைவாசலை நீங்களே கட்டிக்கிட்டு அழுங்க!" என்றார் பீவி மாமி.

மரைக்காயர் மகளைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். "பிஸ்மில்லாஹ், கழட்டுங்கப்பா" என்றார். கல்யாண வேலைக்கு வந்த அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் நாங்கள் நாலு பேர் இரண்டு கதவையும் கழற்றி, சேற்றில் ஒன்றையடுத்து ஒன்றாகப் போட்டோம்.

மாப்பிள்ளை செருப்பு நனையாமல் நடந்து வந்தார். சம்பந்தி கனத்த உடம்பு. அவர் கால் வைத்ததும் கதவு ஒரு சாண் இறங்கியது.

"எத்தனையோ வீட்டு வாசலை மிதிச்சிருக்கேன், கதவை மிதிச்சது இங்கதான்யா!" என்று சொல்லிச் சிரித்துவிட்டார். அதன்பிறகுதான் எங்களுக்கெல்லாம் மூச்சு வந்தது.

நெய்ச்சோறு பரிமாறும்போது தண்ணீர் ஏறியது. கதவுகள் இரண்டும் ஜோடியாக மிதந்து, ஏறிய தண்ணீரோடு ஆற்றில் கிளம்பின. மரைக்காயர் தால்சா வாளியோடு பார்த்து நின்றார்.

"போகட்டும். படகுல வந்த தேக்குதானே" என்றார்.

மறுவாரம் தெருக்கதவுக்குப் பச்சை வர்ணம் அடித்து, எண் தகட்டைத் தம் கையாலேயே துடைத்தார். ஆற்றுவாசலுக்கு மூங்கில் தட்டி வைத்தார். காற்றோட்டமான அந்த இடம் கோழிகளுக்குக் கிடைத்தது.