பதில் சொல்ல மறையூர் போனேன்

போன தை மாதம் மறையூருக்குப் போனதற்குக் காரணம் ஊர் சுற்றும் ஆசை இல்லை. ஒருவர் என்னைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டிருந்தார். அவர் ஊரைப் பார்க்காமல் பதில் சொல்வதில்லை என்று இருந்தேன்.

நான் கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு தங்கும் விடுதியில் சமையல் செய்கிறேன். கணவர் இறந்து பல வருடங்கள் ஆகின்றன. விடுதிக்கு வருகிறவர்கள் மலைப்பக்கம் எங்கே போகலாம் என்று கேட்பார்கள். நானும் போகாத ஊருக்கெல்லாம் வழி சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்கு மலையாள எழுத்துதான் சரளம், தமிழில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேட்டவர் பெயர் சின்னச்சாமி. மறையூரில் கொஞ்சம் கரும்புத் தோட்டமும் வெல்லம் காய்ச்சும் கொட்டகையும் வைத்திருக்கிறார். எங்கள் பஜார் கடைகளுக்கு வெல்லம் இறக்க வருவார். சாயாக் கடையில் பேசிப் பழக்கம். அதிகம் பேசாத மனிதர். தனியாகப் போக வேண்டாம் என்று கூட வேலை செய்யும் ஸீனத்தும் கிளம்பினாள்.

விடியும் முன்பே தோப்பும்படி பாலத்தைக் கடந்து, வைட்டிலாவில் மூணாறு பஸ் பிடித்தோம். மூணாறு வரை நூற்று முப்பது கிலோமீட்டர், அங்கிருந்து மறையூர் நாற்பது. நேரியமங்கலம் பாலம் தாண்டியதும் சாலை வளைந்து வளைந்து ஏறியது. வழியில் உள்ள அருவிகள் தை மாதத்தில் பாறையில் வெள்ளை நூல் ஒட்டியதுபோல்தான் இருக்கும். அருவிக்காகப் போகிறவர்கள் ஆவணியில் போங்கள். இடதுபக்க ஜன்னல் கிடைத்தால் விடாதீர்கள்.

மூணாறில் சாப்பிட்டுவிட்டு அடுத்த பஸ் ஏறியபோது எதிரே இருந்த மலையைக் காணவில்லை. மஞ்சு என்கிற மூடுபனி மறைத்திருந்தது. தேயிலைச் செடிகள் மட்டும் ஜன்னல் ஓரமாகத் தோன்றித் தோன்றி மறைந்தன. ஸீனத் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். நான் தூங்கினேனா இல்லையா என்று இப்போதும் தெரியவில்லை. திடீரென்று சாலை இறங்கியது, மஞ்சு விலகியது, வெயில். மழை அதிகம் எட்டாத பக்கம் அது. கம்பி வேலிக்குப் பின்னால் சந்தன மரங்கள் நின்றன. வாசனை வரும் என்று மூச்சை இழுத்தேன். மரத்தில் வாசனை வராதாம், உள்ளே வைரம் பாய்ந்த கட்டையில்தான் இருக்குமாம். வந்ததெல்லாம் வெல்லம் காய்ச்சும் வாசனை.

சின்னச்சாமி ஒரு வாடகை ஜீப்புடன் நின்றிருந்தார். அவருடைய அக்கா வீட்டில் எங்களைத் தங்க வைத்தார். அன்று சாயங்காலம் கொட்டகையில் பெரிய கொப்பரையில் கரும்புப்பால் பொங்கிப் பொன்னிறமானதைப் பார்த்தோம். சூட்டோடு உருண்டை பிடித்து ஆளுக்கொன்று கொடுத்தார்.

மறுநாள் சின்னச்சாமியோடு அதே ஜீப்பில், பாம்பாற்றங்கரையில் உள்ள கோவில்கடவு சிவன் கோவிலுக்குப் போனோம். அந்தப் பக்கத்து ஐந்து ஊர்களை அஞ்சுநாடு என்கிறார்கள். பாண்டிய நாட்டிலிருந்து தப்பி வந்த குடும்பங்கள் பாலைத் தொட்டுச் சத்தியம் செய்து ஒன்றாக வாழ்ந்ததாகக் கதை. பாண்டவர்கள் மறைந்திருந்ததால்தான் ஊருக்கு மறையூர் என்று பெயர் வந்ததாம். இதைச் சொன்ன ஜீப்காரர், பக்கத்தில் இருந்த இன்னொருவர் அது தப்பு என்று வேறு கதை தொடங்கியதும் வண்டியைக் கிளப்பிவிட்டார்.

மேலே பெரிய பாறையில் முனியறைகள். நான்கு பக்கமும் கற்பலகை, மேலே மூடிக்கல். முனிவர்கள் இருந்த அறை என்பார்கள் சிலர், குள்ள மனிதர்களின் வீடு என்பார்கள் சிலர். படித்தவர்கள் பழங்காலத்துப் புதைப்பிடம் என்கிறார்கள். அங்கே காற்று ஓயாமல் வீசுகிறது. கீழே கரும்புத் தோட்டம் பச்சைத் தண்ணீர்போல் அசைந்தது. மேக நிழல்கள் மலைமேல் ஊர்ந்தன. என் கால் தரையில் படுகிறதா என்றே சந்தேகம். அந்த நிமிஷம் யார் என்ன கேட்டிருந்தாலும் சரி என்று சொல்லியிருப்பேன்.

ஸீனத்துக்கு அது புரிந்திருக்க வேண்டும். காதோரம் வந்தாள்.

"சேச்சி, மலையைக் கண்டிட்டு ஆளுக்குச் சரின்னு சொல்லிடாதே. ரெண்டும் வேற."

அவள் தள்ளிப்போய் உட்கார்ந்தாள். நான் சின்னச்சாமியிடம் அவர் முதல் மனைவியைப் பற்றிக் கேட்டேன். அவள் இறந்துவிட்டாள் என்றுதான் முந்தின நாள் அவர் அக்கா சொல்லியிருந்தார்.

அவர் சொன்னார்:

"அவ சாகலைங்க. உடுமலைப்பேட்டையில அவங்க அம்மா வீட்டுப் பக்கம் நல்லா இருக்கா. கோர்ட்டுல பிரிஞ்சு பல வருஷமாச்சு. இந்த ஊர் அமைதி அவளுக்குப் பயமா இருந்துச்சு. நான் தோட்டத்துக்குப் போயிருவேன், பேச ஆளில்லை. சொல்லிச் சொல்லிப் பார்த்தா. நான் காதுல வாங்கலை."

"அக்கா ஏன் அப்படிச் சொன்னாங்க?"

"நீங்க வேணாம்னு போயிருவீங்கன்னு. இப்பவும் போலாம். நான் தப்பா நினைக்க மாட்டேன்."

எனக்குக் கோபம் வரவில்லை. மலை கொஞ்சம் விலகிப்போய், அவர் மட்டும் வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார். அன்றைக்குத்தான் அவரைச் சரியாகப் பார்த்தேன் என்று தோன்றுகிறது.

அடுத்த நாள் அவரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு, விடிந்ததும் அக்கா வீட்டு வாசலில் தனியாக உட்கார்ந்தேன். அந்த அமைதியை நானும் பார்க்க வேண்டுமே. முதலில் இனித்தது. கரும்புத் தோகையில் பனி சொட்டுவதுகூடக் கேட்டது. வெயில் ஏற ஏற, பஜாரில் லாரிக்காரர்கள் கத்துவதைக் கேட்க வேண்டும்போல் இருந்தது. அவருடைய முதல் மனைவி பயந்ததில் தப்பில்லை.

பஸ் ஏறும்போது பதில் சொன்னேன்.

"வருஷம் முழுக்க என்னால இங்க இருக்க முடியாது. வேலையையும் விட மாட்டேன். லீவு கிடைக்கறப்ப நான் வர்றேன். கொட்டகை ஓடாத மாசத்துல நீங்க அங்க வந்து இருக்கணும். முடியுமா?"

"முடியும்னு நினைக்கறேன்" என்றார். கட்டாயம் முடியும் என்று சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

சித்திரையில் பதிவுத் திருமணம் செய்துகொண்டோம்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். பாறைக்குக் காலையிலேயே ஏறிவிடுங்கள், பிறகு கல் சுடும். மூடிக்கற்களின்மேல் ஏறிப் படம் எடுக்காதீர்கள், ஏற்கெனவே பல விழுந்து கிடக்கின்றன. சந்தனக் காட்டில் வனத்துறை அனுமதி இல்லாமல் இறங்கக் கூடாது. வெல்லம் வாங்கினால் கொட்டகையில் வாங்குங்கள், நிறம் கறுப்பாக இருந்தால் பயப்பட வேண்டாம். குறைந்தது இரண்டு இரவு தங்குங்கள், ஒரு பொழுதாவது எதையும் பார்க்கப் போகாமல் இருங்கள்.

இத்தனை வருஷம் பஜார் வரை வந்தவர் கடலைப் பார்த்ததே இல்லை என்று கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரிந்தது. வெல்லத்தை இறக்கிவிட்டு அப்படியே திரும்பிவிடுவாராம். போன வாரம் ஃபோர்ட் கொச்சிக் கடற்கரைக்குக் கூட்டிப்போனேன். அந்தக் கரை எங்கே என்று கேட்டார். கண்ணுக்கு எட்டாது என்றேன். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, செருப்பைக் கழற்றி என் கையில் கொடுத்தார்.