ஒன்றுக்குப் பூச்சியம்

மொன்ட்ரியால் டவுன்டவுன் ஆஸ்பத்திரி ஒன்றின் காத்திருப்பு அறைச் சுவரில் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்த தொலைக்காட்சி இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. ஒரு ஞாயிறு பின்னேரம். உள்ளே என் அக்காவுக்குச் சத்திரசிகிச்சை நடந்துகொண்டிருந்தது. இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய இரத்தக்குழாய் கிழிந்துவிட்டது, எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்று முதலே சொல்லியிருந்தார்கள். வெளியே அவளுடைய கணவர், என் அத்தான், கண் வெட்டாமல் பேஸ்போல் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அத்தான் யாழ்ப்பாணத்தில் கிரிக்கெட் பைத்தியமாக வளர்ந்தவர். ஆட்டம் நன்றாகப் போகும்போது இருந்த இடத்தைவிட்டு ஒருவரும் அசையக்கூடாது, அசைந்தால் விக்கெட் விழும் என்பது எங்கள் ஆட்களின் சட்டம். கிரிக்கெட்டை விட்டுப் பேஸ்போலுக்கு வந்தாலும் அந்தச் சட்டத்தை அவர் விடவில்லை. மொன்ட்ரியாலின் சொந்த அணி ஊரைவிட்டுப் போய் வெகுகாலம் என்பதால் டொரொன்டோ அணியைத் தத்தெடுத்துக்கொண்டார். நகரின் வடக்கே மொன்ட்ரியால்-நோரில் இருந்த அவர்களுடைய வீட்டில் ஆட்டம் இறுகும் நேரம் பார்த்து அக்கா வேண்டுமென்றே எழும்புவாள். “எழும்பாதையும், எழும்பாதையும்!” என்று அத்தான் கத்துவார். “நான் தேத்தண்ணி போட்டா அங்கை பந்து பிடிபடாதோ? நல்ல கதை!” என்பாள் அவள். அந்த வீட்டில் அதுதான் பெரிய சண்டை.

அன்று டொரொன்டோ ஒன்றுக்குப் பூச்சியம் என்று முன்னணியில் இருந்தது. கடைசி இன்னிங்ஸ். நான் தண்ணீர் எடுக்க எழும்பினேன்.

“பிள்ளை, எழும்பாதை. இப்ப எழும்பினா எல்லாம் போயிடும்.”

அவருடைய குரலில் விளையாட்டு இல்லை. அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்த மனுசன் அக்காவின் உயிரைக் கொண்டுபோய் அந்த ஒற்றை ஓட்டத்தில் கட்டிவிட்டிருந்தார். அவர்கள் வென்றால் இவள் பிழைப்பாள். என்ன மடைத்தனம் என்று நினைத்தேன், ஆனாலும் திரும்பவும் கதிரையில் இருந்துவிட்டேன். வேறு எதைப் பிடித்துக்கொள்வது என்று எனக்கும் தெரியவில்லை.

எதிரணியில் இன்னும் ஒருவன் ஆட்டமிழந்தால் டொரொன்டோவுக்கு வெற்றி. ஆனால் அவர்களுடைய ஆள் ஒருவன் மூன்றாவது தளத்தில் நின்றான். அவன் ஓடி வந்து சேர்ந்தால் சமநிலை. அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்து டொக்டர் வந்தார். அத்தான் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் ஒரு கையை உயர்த்தி, “கொஞ்சம் பொறுங்கோ” என்று தமிழிலேயே சொன்னார்.

டொக்டர் திரையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையிலேயே எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. அவர் அத்தானுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தார்.

“பாத்தியே பிள்ளை, ஆறுதலா இருந்து மாட்ச் பாக்கிறார். அவளுக்கு ஒண்டுமில்லை” என்றார் அத்தான்.

மட்டைக்காரன் அடித்தான். பந்து கோட்டுக்கு வெளியே போனது, அப்படிப் போனால் கணக்கில்லை. திரும்ப எறிந்தார்கள், திரும்பவும் வெளியே போனது. எனக்கு அந்த விளையாட்டே பிடிக்காது. ஆனால் அன்று, கடவுளே, இப்படியே வெளியே போய்க்கொண்டிருக்கட்டும், இந்த ஆட்டம் முடியவே கூடாது என்று மன்றாடினேன். அத்தான் முடியவேண்டும் என்று மன்றாடிக்கொண்டிருந்தார். அடுத்த பந்து உயர எழும்பியது. மதிலோடு நின்ற டொரொன்டோக்காரன் பாய்ந்து பிடித்துவிட்டான்.

அத்தான் துள்ளி எழும்பி டொக்டரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். டொக்டர் அந்தக் கையை விடாமல், மெதுவாக, பிரெஞ்சில் பேசினார். உணவகச் சமையலறையில் பொறுக்கிய பிரெஞ்சு அத்தானுக்கு அதற்குக் காணாது. அவர் என் பக்கம் திரும்பினார். முகத்தில் சிரிப்பு இன்னும் அப்படியே இருந்தது.

“என்னவாம், பிள்ளை?”

நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.