கை கொடுத்துவிட்டுத்தான் பேச்சு

நகரசபைக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும்போதும் பள்ளி பஸ் ஓட்டும் ராக்ஸேன் பெலாஞ்சரின் வலது கால் தரையில் பிரேக் மிதித்துக்கொண்டேயிருக்கும். யாராவது இழுத்து இழுத்துப் பேசினால் மிதி பலமாகும். இடுப்பில் தொங்கும் பஸ் சாவிக்கொத்தும் சேர்ந்து சலசலக்கும். பக்கத்து நாற்காலியில் அத்தை மகன் டுவேன். முறைப்பையன் என்பதால், அமெரிக்கப் பூர்வகுடிகளான எங்கள் ஒஜிப்வே மக்களின் வழக்கப்படி அவளைக் கேலி செய்ய அவனுக்குப் பிறவி உரிமை உண்டு.

"வண்டியைக் கொஞ்சம் நிறுத்தும்மா, குமட்டுது."

"இறங்கி நடந்து போ. உன்னை யாரு ஏறச் சொன்னா?"

எதிலும் பொறுமை கிடையாது அவளுக்கு. காட்டரிசி சூப் ஆறுமுன்பே குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டு, சூப்பைத் திட்டுவாள். ஏரி உறைவதற்குள், பனிக்கட்டிமேல் நிறுத்தும் மீன்பிடிக் குடிசையைக் கரைக்கு இழுத்து வந்துவிட்டு, பனி வரவில்லையே என்று வானத்தை நச்சரிப்பாள். ஒரே விதிவிலக்கு கைல் ஸ்டெக்கர். பள்ளி நாட்களில் அந்தப் பையன் தினமும் தாமதம். ஒரு காலில் ஷூவும் மறு காலில் வெறும் சாக்ஸுமாக ஓடி வருவான். மற்றப் பிள்ளைகள் எவ்வளவு கத்தினாலும் பஸ் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, "மெதுவா வாடா, விட்டுட்டுப் போக மாட்டேன்" என்பாள். அந்தக் கைல் இப்போது டை கட்டிய நகரசபை உறுப்பினர்.

அக்டோபரில் வரும் கொலம்பஸ் நாளைப் பூர்வகுடிகள் நாள் என்று மாற்றுவதா வேண்டாமா என்பதுதான் அன்றைய விவாதம். ஆதரவு மூன்று, எதிர்ப்பு மூன்று. கைல் மட்டும் வாயே திறக்கவில்லை.

ராக்ஸேனின் தவிப்புக்குக் காரணம் அவள் பஸ்ஸில் முன் கண்ணாடியோரம் ஒட்டியிருக்கும் ஒரு காகிதக் கப்பல். கொலம்பஸின் கப்பல் என்று, அந்த நாளுக்காக மகள் ஜோலின் முதல் வகுப்பில் செய்தது. "அம்மா, இதுல நம்ம ஆளுங்க எங்க உக்காந்திருந்தாங்க?" என்று கேட்டாள் குழந்தை. மகள் வளர்ந்து வேலைக்கே போய்விட்டாள். தாய்க்கு இன்னும் அது நெஞ்சில் முள். அதைச் சபையில் சொல்லத்தான் வந்திருந்தாள்.

பெயரை அழைத்தார்கள். பேச மூன்று நிமிடம். அவையில் பேசுமுன் நாங்கள் எல்லோருக்கும் கை கொடுப்போம். இறுக்காமல், தொட்டு எடுப்பதுபோல. உறுப்பினர்களின் வரிசையில் அவள் விறுவிறுவென்றுதான் போனாள். ஆனால் ஒருவர் அவள் முழங்கால் வலியை விசாரித்தார். ஓர் அம்மாள் தன் பேரன் பஸ்ஸில் வாலாட்டுகிறானா என்று கேட்டார். கைலிடம் வந்து கை நீட்டினாள். அவன் குனிந்த தலை நிமிராமல் இரண்டு கைகளாலும் காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தான். மூன்று நிமிட மணி அடித்தது.

"நேரம் முடிஞ்சுது" என்றார் மேயர்.

"நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே!"

"மன்னிக்கணும்மா, எல்லாருக்கும் ஒரே விதிதான்."

திரும்பி வந்தவளிடம் டுவேன் சொன்னான்: "நல்லாப் பேசினே. ஒரு வார்த்தை கூடத் தப்பில்ல." எங்கள் வரிசையே சிரித்தது. அவளும் சிரித்தாள், கண் கலங்க.

வாக்கெடுப்புக்குச் சற்று முன்னால் கைல் முதல்முறையாக வாய் திறந்தான். "இதுக்கு என்ன அவசரம்? நவம்பர் கூட்டத்துல பாத்துக்கலாமே." எதிர்த்தவர்கள் மூவரும் அவனோடு கை தூக்கினார்கள், நாலுக்கு மூன்றில் ஒத்திவைத்தாயிற்று. இந்த வருடத்து நாளும் கொலம்பஸுக்கே.

கூட்டம் முடிந்து எல்லோரும் எழுந்தார்கள். டுவேன் அவள் தோளைத் தொட்டான். "வா, போலாம். அவனுக்கெல்லாம் எதுக்குக் கை?"

விடைபெறும்போதும் கை கொடுப்பது எங்கள் வழக்கம். ராக்ஸேன் உறுப்பினர்களின் முதல் நாற்காலியிலிருந்து தொடங்கி, கைலிடம் வந்து கை நீட்டினாள். கைல் காகிதங்களைப் பைக்குள் வைத்தான், எடுத்தான், மறுபடி வைத்தான். மண்டபம் காலியானது. காவலாளி பின்வரிசை விளக்குகளை அணைக்கத் தொடங்கினார்.

"நேரமாச்சு, ராக்ஸேன்" என்றான் வாசலிலிருந்து டுவேன்.

"இருக்கட்டும். அவன் எப்பவும் லேட்டுதான்."

நீட்டிய கையை மடக்காமல் அவன் முன்னால் நின்றாள். சாவிக்கொத்து சத்தமே போடவில்லை. வலது கால் தரையில் அப்படியே ஊன்றியிருந்தது.